நான் நிற்கும் வரப்பு

சீவலப்பேரிப் பக்கம் வயல்களுக்கு ட்ரோனில் மருந்து அடிப்பது என் வேலை. மகளிர் குழு மூலமாகப் பயிற்சி எடுத்து உரிமம் வாங்கியது நான். ஊரெல்லாம் பெருமை அடித்தது என் வீட்டுக்காரர். அவர் மத்தியானச் சோறு கொண்டுவருவதே ஒரு கூத்து. பறக்கும்போது ட்ரோன் தன் எண்ணையும் அதை ஓட்டுகிறவர் நிற்கும் இடத்தையும் காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் வருகிற யாரும் செல்போனில் பார்க்கலாம். அவர் அதைப் பார்த்து, ஒரு வார்த்தை கேட்காமல், தூக்குச்சட்டியோடு நேராக என் வரப்புக்கே வந்து நிற்பார். எனக்கும் அது பிடித்திருந்தது.

பிறகு ஒருவன் வர ஆரம்பித்தான். யாரென்று தெரியாது. எந்த ஊர் வயலுக்குப் போனாலும் பைக்கை நிறுத்திவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் செல்போனைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். நான் நின்ற இடம் அதில் புள்ளியாகத் தெரிந்தது. பாதி வயலிலேயே ட்ரோனை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்காரர் பெருமையெல்லாம் போய், இனி இந்த வேலையே வேண்டாம் என்றார். எனக்கு ஆத்திரம். எவனோ பார்க்கிறான் என்று நான் ஏன் வீட்டில் உட்கார வேண்டும்?

ட்ரோன் விற்றவர்களைப் பிடித்து உலுக்கினேன். புதிய மென்பொருள் போட்டுத் தந்தார்கள். இப்போது என் எண்ணும் இடமும் பூட்டிய சங்கேதமாகத்தான் போகும். திறக்கும் சாவி அதிகாரிகளிடம் மட்டும். மற்றவர்கள் பார்த்தால், இது முறையாகப் பதிவான ட்ரோன்தான் என்று ஒரு டிஜிட்டல் கையொப்பம் சொல்லும், அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரே ஒருநாள் போய்ப் பார், அப்புறம் முடிவு செய்வோம் என்றார்.

அன்று ஆற்றோரம் நாலைந்து ட்ரோன்கள் பறந்தன. சாப்பாட்டு நேரம் தாண்டியும் இவரைக் காணோம். போன் செய்தால் எடுக்கவில்லை. பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று இருந்தேன். வேலையை முடித்து ரோட்டுக்கு ஏறினால், வேட்டியெல்லாம் சேறாக, தூக்குச்சட்டியோடு எதிரே வருகிறார். கூட்டாஞ்சோறு ஆறிக் கட்டியாகியிருந்தது. போனை எடுத்தால் என்ன, எங்கே நிற்கிறாய் என்று கேட்டால் என்ன என்று பிடித்துக்கொண்டேன்.

அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

“ஏளா, வேணும்னுதான் கேக்கல. போனைப் பாத்தே வரப்பு வரப்பா தேடுனேன். எனக்கே நீ எங்கன நிக்கன்னு தெரியல. நாளைக்கும் போ. எந்த வயலுன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போ.”