சோப்புப் போட்ட கம்பளி

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். ஒரு வெள்ளிக்கிழமை, கிண்ணத்துத் தண்ணீரில் ஊசியை மிதக்கவிட்டு, ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டேன். ஊசி மூழ்கியது. தண்ணீரின் மேற்பரப்பு தோல் மாதிரி இழுத்துப் பிடித்திருக்கும், சோப்பு அந்தப் பிடிப்பைத் தளர்த்திவிடும் என்று விளக்கினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலம், மழையில் கொழுந்து பறித்துவிட்டு, தலையில் போட்ட கம்பளியோடு என் அக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். என்னைப் படிக்கவைத்தவள் அவள்தான். ஈரக் கம்பளியின் வாடைக்குத் தலைமையாசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர்மேல் வரவேண்டிய கோபம் எனக்கு அக்காமேல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கேட்காமலே அந்தக் கம்பளியைச் சோப்புப் போட்டுத் துவைத்து, அடுப்போரம் காயவைத்தேன்.

திங்கட்கிழமை நல்ல மழை. மத்தியானமே மலையிலிருந்து தொப்பலாக நனைந்து, நடுங்கிக்கொண்டு வந்தாள்.

"கம்பளிக்கு சோப்பு போட்டியாடா? நாங்க வெறும் தண்ணியிலதான அலசுவோம். படிச்ச ஒனக்கு இதுகூடத் தெரியலையா?"

தெரியும். அதைத்தானே வெள்ளிக்கிழமை பாடமாக நடத்தினேன்! முன்பெல்லாம் மழை அந்தக் கம்பளிமேல் முத்து முத்தாக உருண்டு ஓடும். சோப்பு அதன் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, தண்ணீரின் பிடிப்பையும் தளர்த்தி உள்ளே விட்டிருந்தது.

அக்கா ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். நாங்கள் நாற்றம் என்று முகம் சுளித்த அந்தப் பசைதான் அத்தனை வருடமும் அவளை மழையிலிருந்து காத்து வந்திருக்கிறது.

தோட்டத்து ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது என்று யாராவது சொன்னால், இன்றும் அறையலாம் போலிருக்கிறது. முதல் அறை எனக்கு விழவேண்டியது.