கீழ்வரி சிறுத்த கடிதம்

முதலில் சிறுத்தது என் எழுத்துத்தான். கை நடுங்கவில்லை, கால் இழுக்கவில்லை. கடிதத்தின் முதல் வரியை வழக்கம்போலத் தொடங்குவேன். நாலாவது வரிக்கு வரும்போது எழுத்துகள் எறும்பளவாகிவிடும். கண்ணாடி பழசாகிவிட்டது என்று நினைத்து அதை மாற்றினேன். எறும்புகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன.

இதே நோய் வந்தவர்களுக்காகவும் அவர்களோடு வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. எனக்கு நடந்ததை மட்டும்தான் சொல்கிறேன், வைத்தியம் சொல்லவில்லை.

நாங்கள் ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். நான் இளைப்பாறிய உதைபந்து வீரர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் கையெழுத்திட்ட அட்டைகளைச் சேர்க்கிறேன். இங்கே ஒவ்வொரு கழகமும் தன் வீரர்களின் படத்தை அஞ்சலட்டை அளவில் அச்சடித்து வைத்திருக்கும். இப்போது விளையாடுகிறவர்களுக்கு எழுதினால் பெரும்பாலும் அச்சடித்த கையெழுத்துத்தான் வரும். இளைப்பாறியவர்கள் தாங்களே பேனாவை எடுப்பார்கள். சிலர் தங்கள் முழங்கால் நோவைப் பற்றியும் இரண்டு வரி எழுதுவார்கள்.

வயது போன பெண்ணுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பார்கள். அகதிகளாக வந்து விடுதியில் இருந்தபோது, பொது அறையில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. சனிக்கிழமைகளில் பல நாட்டு ஆண்களும் அதன் முன் நிறைந்திருப்பார்கள். நான் கதவடியில் நின்று பார்ப்பேன். எனக்கு முதலில் விளங்கிய ஜேர்மன் சொற்கள் மூலை, வெளியே, காயம், மேலதிக நேரம். ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். பேக்கரியில் பாண் வாங்கவும் விரலால்தான் காட்டுவேன். கடிதத்துக்கு முகம் காட்டத் தேவையில்லை.

மகள் சுதா பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஏழு வரியில் ஒரு கடிதம் எழுதித் தந்தாள். வருடக்கணக்காக அதைப் பார்த்து எழுதினேன். பிறகு பார்க்காமலே எழுத வந்தது. அதோடு ஓர் அட்டையும், முத்திரை ஒட்டி என் விலாசம் எழுதிய பதில் உறையும் வைத்து அனுப்புவேன். ஜேர்மன் மொழியில் நான் யாருடைய உதவியும் இல்லாமல் முடிக்கிற ஒரே காரியம் அதுதான்.

ஓர் இலையுதிர் காலத்தில், விடுதித் தொலைக்காட்சியில் நான் பார்த்த ஒரு தடுப்பாட்டக்காரருக்கு எழுதினேன். பதில் உறை கனமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை சுதா வந்தபோது வாசிக்கக் கொடுத்தேன்.

"அம்மா, இது அவர் எழுதேல்லை. அவற்றை மனுசி எழுதியிருக்கிறா."

"கையெழுத்து இல்லையோ?"

"இருக்கு. முந்தி வைச்ச அட்டை ஒண்டு. நீங்கள் முதல் இதைக் கேளுங்கோ."

அந்தப் பெண் எழுதியிருந்தது இதுதான்: என் கணவரால் இப்போது கையெழுத்திட முடியாது. எஞ்சியிருந்த அட்டைகளில் ஒன்றை அனுப்புகிறேன். உங்கள் கடிதத்தில் மேல்வரியைவிடக் கீழ்வரி மிகவும் சிறியது. என் கணவருக்கும் அப்படித்தான் தொடங்கியது. தப்பாக நினைக்காதீர்கள், ஒரு நரம்பு வைத்தியரிடம் காட்டுங்கள்.

என் கணவர் பத்திரிகையைத் தாழ்த்தினார். "முன்பின் தெரியாத மனுசி. தாளைப் பாத்து நோய் வருத்தம் சொல்லுறாவோ? நல்ல சாத்திரக்காரிதான்."

"அப்பா, நீங்கள் சும்மா இருங்கோ. அம்மா, குசினி மட்டும் நடந்து வாங்கோ பாப்பம்."

சமையலறைவரை நடந்து திரும்பி வந்தேன். சுதாவின் முகம் மாறியிருந்தது. "உங்கடை வலக்கை ஆடேல்லை. உடம்போடை ஒட்டினபடி நிக்குது. எத்தினை நாளா இப்பிடி?"

"எனக்கென்ன தெரியும்? நான் பின்னுக்கு நிண்டு என்னைப் பாக்கிறனானோ?"

அவர் மட்டும் சிரித்தார். பிறகு அவரும் சிரிக்கவில்லை.

நரம்பு வைத்தியரிடம் டெர்மின் (போய்ப் பார்க்கக் குறித்த நேரம்) கிடைக்க மூன்று மாதம் ஆனது. அவர் என்னைச் சுருள் வரையச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், நாற்காலியிலிருந்து எழும்பச் சொன்னார். தலையைப் படம் எடுத்தார்கள். கடைசியில் அவர் சொன்ன பெயர் பார்க்கின்சன் (உடலின் அசைவுகளை நடத்தும் டோபமின் என்ற பொருள் மூளையில் குறைந்துபோகும் நோய்). எழுத்துச் சிறுப்பதற்கும் ஒரு பெயர் இருந்தது: மைக்ரோகிராபி. மாறாது, ஆனால் பல வருடம் நன்றாக வைத்திருக்கலாம் என்றார். பெயர் கிடைத்ததும் பயம் கொஞ்சம் குறைந்தது. வீட்டுக்கு வந்ததும் திரும்பக் கூடியது.

லெவோடோபா (மூளைக்குள் போய் டோபமினாக மாறும் மருந்து) குளிசையாகத் தந்தார். அதை எப்படிப் போடுவது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, சுதா நிறுத்திய காரில் தரிப்பு நேர அட்டை வைக்க வெளியே போயிருந்தாள். நான் "யா, யா" என்று தலையாட்டினேன். இந்த நாட்டில் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

குளிசை தொடங்கியதும் என் மனதில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நன்றி எழுதவேண்டும்.

"நான் ரெண்டு நிமிசத்திலை கொம்பியூட்டரிலை அடிச்சு அனுப்பிவிடுறன், அம்மா."

"வேண்டாம்."

"ஏன்?"

"அவ என்ரை எழுத்துக்குத்தான் பதில் போட்டவ. அந்த எழுத்தாலைதான் நான் நன்றி சொல்லவேணும்."

சொல்லிவிட்டேனே தவிர, ஏலவில்லை. கை வரவர மோசமானது. பேனா முதல் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டது. வைத்தியர் குளிசையைக் கூட்டினார். தலைசுற்று வந்தது, எழுத்து வரவில்லை. குளிர்காலம் முழுவதும் எழுதி எழுதிக் கிழித்தேன். அந்தப் பெண்ணின் கணவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. நன்றி சொல்லப் பிந்தினால் கேட்க ஆள் இல்லாமல் போகலாம், அல்லது சொல்ல எனக்குக் கை இல்லாமல் போகலாம். அந்த மாதங்களில் நான் பயந்தது அதற்குத்தான்.

சுதாவின் மனதுக்காக ஒரு பழைய கோல் காப்பாளருக்கு அவள் அடித்த கடிதத்தை அனுப்ப விட்டேன். ஒரு கிழமையில் அழகான கையெழுத்து வந்தது. யார் வீட்டுக்கோ வந்த கடிதத்தைத் திறந்ததுபோல இருந்தது.

பிறகு எர்கோதெரபிக்கு (அன்றாட வேலைகளைக் கைக்குத் திரும்பப் பழக்கும் பயிற்சி) எழுதித் தந்தார்கள். நடக்கும் தூரம் என்பதால் தனியாகப் போனேன். பயிற்சி தருகிற பெண் அகலக் கோடு போட்ட தாள் ஒன்றைத் தந்தாள். "காலையில் எழும்பியதிலிருந்து செய்ததை எல்லாம் எழுதுங்கள். கோட்டைத் தொடும்படி, பெரிதாக" என்றாள்.

எனக்குத் தெரிந்த ஜேர்மனில் எழுதினேன். ஆறு மணி. பால் தேத்தண்ணி, கணவர் ஊற்றினது. பிறகு குளிசை. மத்தியானம் சோறு, பருப்பு, தயிர். பிறகு குளிசை.

அவள் வாசித்துவிட்டு என் எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பாலோடா?" என்று கேட்டாள். "எப்போதும் சாப்பிட்ட பிறகா?"

எங்கள் ஆட்கள் வெறும் வயிற்றில் குளிசை போடமாட்டோம். வயிறு எரியும், புண் வரும் என்று எல்லார் வீட்டிலும் சொல்வார்கள். வைத்தியர் சொல்லாமலே நாங்கள் செய்கிற காரியம் அது. ஆனால் இந்த மருந்துக்கு அது சரிவராது என்றாள் அவள். பாலிலும் பருப்பிலும் தயிரிலும் உள்ள புரதம் (உடம்பை வளர்க்கிற சத்து) குளிசையோடு முண்டியடித்து அதன் வழியை மறித்துவிடுமாம். குளிசை மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி வீணாகிவிடும். எத்தனை மாதம் நான் மருந்தையும் போட்டு, அதை மறித்தும் வைத்திருக்கிறேன்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் கேத்தலைப் பார்த்தபடி நின்றார்.

"அப்ப என்ரை தேத்தண்ணிதான் உம்மைக் கெடுத்ததோ?"

"தேத்தண்ணி நல்லது. நேரம்தான் பிழை."

"பால் திக்காய்ப் போட்டால் கெதியிலை சுகம் வருமெண்டு நான் நினைச்சன்."

"வருத்தத்துக்கும் சேத்து ஊத்திப்போட்டியள்."

அடுத்த டெர்மினுக்கு வைத்தியரிடம் போனபோது, "முதல் நாளே சொன்னேனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் "யா" சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு, "எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. இன்றைக்கு மெதுவாகச் சொல்லுங்கள்" என்றேன். பக்கத்தில் இருந்த சுதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கதிரையை இழுத்து அருகே வைத்து, நேரங்களை ஒரு தாளில் எழுதித் தந்தார். சாப்பாட்டுக்கு முன் அரை மணி, வெறும் தண்ணீர். எனக்கு அப்படி. உங்களுக்கு எப்படி என்று உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள். இதில் நான் சொல்லக்கூடிய புத்தி அது ஒன்றுதான்.

சில கிழமைகளில் கை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வந்தது என்றால் பழைய கை அல்ல, வந்து போகிற கை. குளிசை ஏற முக்கால் மணி நேரம் ஆகும். பிறகு ஒரு இரண்டு மணி நேரம் நான் நோயாளி என்று யாரும் கண்டுபிடிக்கமுடியாத ஆள். தேங்காய் துருவுவேன், பின்னல் போடுவேன். பிறகு யாரோ கதவை மெதுவாகச் சாத்துவதுபோல உடம்பு இறுகும். முன்பு என் நாள் காலை, மத்தியானம், பின்னேரம் என்று இருந்தது. இப்போது திறந்த நேரம், மூடிய நேரம் என்று இருக்கிறது. மூடிய நேரத்தில் முதலில் அழுதேன். இப்போது அதிலும் குடியிருக்கப் பழகிவிட்டேன். சாமிப் படத்துக்கு முன் இருப்பேன், அல்லது யன்னலால் பேருந்துத் தரிப்பைப் பார்ப்பேன். அவசரப்படுகிறவர்களைப் பார்க்க எனக்கு இப்போது புதினமாக இருக்கிறது.

சித்திரை மாதத்தில் ஒரு பின்னேரம், அகலக் கோட்டுத் தாளில் அந்தப் பெண்ணுக்கு எழுதத் தொடங்கினேன். சுதாவின் ஏழு வரி இதற்கு உதவாது. என் சொந்தச் சொற்களைத் தேடவேண்டியிருந்தது. மதிப்புக்குரிய அம்மா, நீங்கள் சொன்னபடி போனேன். நீங்கள் சொன்னதுதான். மருந்து போடுகிறேன். உங்கள் கணவரை நான் ஒரு விடுதிக் கதவடியில் நின்று பார்த்திருக்கிறேன். அவரிடம் பந்து வந்தால் எங்கள் அறையில் எல்லாரும் மூச்சு விடுவார்கள். நீங்கள் சுகமா? உங்களை யார் பார்க்கிறார்கள்?

அந்தக் கேள்வியோடு கதவு சாத்தத் தொடங்கியது. கடைசிச் சொற்கள் குனிந்து, நெருங்கி, கோட்டைவிட்டு ஏறிப்போயின. முந்திய நானென்றால் கிழித்துப்போட்டுத் திரும்பத் தொடங்கியிருப்பேன். தாளைப் பார்த்தேன். மேலே அகலமாக, நடுவில் சுமாராக, கீழே நூல்போல. என்னுடைய ஒரு பின்னேரம் முழுவதும் அதில் இருந்தது. அதில் திருத்த ஒன்றும் இல்லை.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதோ? தபால்பெட்டியடிக்குப் போறன், கொண்டு போகட்டோ?"

"இல்லை. பேர் மட்டும் மிச்சம்."

"பேர் தானே, நான் எழுதிவிடட்டோ?"

"இருங்கோ. நாலு மணிக் குளிசை இருக்கு."

அவர் போட்ட சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருந்தார். நாலு மணிக்குத் தண்ணீரோடு குளிசையைப் போட்டேன். வெளியே இரண்டு பேருந்துகள் வந்து போயின. நாலே முக்காலுக்கு என் பெயரை, முழுப்பெயரையும், எழுதினேன்.