பிசிறக்காவின் இங்கிலீஷ்

சட்டை தைக்கிற கம்பெனியில் அவளுக்குப் பிசிறக்கா என்று பெயர். தைத்து முடித்த சட்டையில் பிசிறு பிசிறாகத் தொங்கும் நூல்முனைகளைச் சின்னக் கத்தரியால் வெட்டுவது அவள் வேலை. காலர், கை, பட்டன் பட்டி, அடிமடிப்பு என்று ஒரே சுற்றில் கண் போய்த் திரும்பும். கண் போன இடத்துக்கெல்லாம் கத்தரியும் போயிருக்கும். கை வேலை செய்கிற நேரம் முழுக்க வாயும் வேலை செய்யும். மேஜையின் அந்தக் கோடியில் இருப்பவர்களுக்கும் அவள் வீட்டு விஷயம் அத்துப்படி.

வீட்டுக்காரர் நேரெதிர். பெரிய ஹோட்டல் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். காலையிலிருந்து மாலைவரை காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யார் யாரையோ யார் யாரோடோ பேசவைப்பார். எல்லாம் இங்கிலீஷில்தான். வீட்டுக்கு வந்துவிட்டால் வாயைத் திறக்கமாட்டார். வாயை ஹோட்டல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறார் என்று அவள் சொல்வாள். கல்யாணமான புதிதில் கோபமாகச் சொன்னாள். பிறகு சிரித்துக்கொண்டு சொன்னாள். அப்புறம் அது பழக்கத்தில் வருகிற பேச்சாகிவிட்டது. "ம்" என்பதைப் பல விதமாகச் சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது. அதை வைத்தே ஒரு மகனை வளர்த்துப் படிக்கவைத்து, வேறு ஊரில் வேலைக்கும் அனுப்பிவிட்டார்கள்.

ஒருநாள் காலை ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

மூளையில் அடைப்பு. உயிர் தங்கியது. வலது பக்கம் தளர்ந்தது, பிறகு பாதி பலம் திரும்பியது. பேச்சு அடியோடு போய்விட்டது என்றுதான் நினைத்தார்கள். சில நாள் கழித்து, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் உதடு அசைந்தது. நன்றாக மடித்து வைத்த துணிபோல ஒரு குரல் வந்தது.

"குட் மார்னிங், மேடம்."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

இரண்டு பாஷை தெரிந்தவர்களுக்குச் சிலசமயம் இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். ஒன்று முந்திக்கொண்டு வரும், மற்றது பிந்தி வரும், வராமலும் போகலாம். தமிழில் நீளமாகப் பேசினால் அவருக்குப் பிடிபடாது என்றும் சொன்னார். பெண்டாட்டியோடு பேசாத பாஷை மறந்துபோனதில் என்ன அதிசயம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் "என்னங்க" என்று கூப்பிட்டால் மட்டும் அவர் முகம் திரும்பியது. அந்த ஒரு சொல்லுக்கு வழி அடைபடவில்லை.

வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். உதவிக்கு வந்திருந்த மகன் வெளியே போயிருந்த ஒரு மதியத்தில் அவர் "இட்ச்" என்றார். தண்ணீர் கொடுத்தாள். இல்லை என்று தலையாட்டினார். போர்வை கொண்டுவந்தாள். கண்ணாடி, பேப்பர், ரேடியோ, கைத்தடி, சீப்பு. "இட்ச், மேடம், ப்ளீஸ்" என்றார் திரும்பத் திரும்ப. வீட்டுச் சாமானில் பாதி கட்டிலைச் சுற்றிக் கடை பரப்பியபிறகு, அவர் கண்ணில் நீர் நிற்பதைப் பார்த்தாள். தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடிப்போய், இட்ச் என்றால் என்ன என்று கேட்டாள். மருந்துக்கடைக்காரர் மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"அரிக்குதும்மா. முதுகைச் சொறிஞ்சு விடுங்க."

வந்து சொறிந்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "தேங்க் யூ, மேடம். தேங்க் யூ வெரி மச்" என்றார். அவள் கை அப்படியே நின்றது. கட்டிய பெண்டாட்டிக்கு யார் நன்றி சொல்வார்கள்? அவளும் எதிர்பார்த்ததில்லை. எதிர்பார்க்காததால், வந்தபோது எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மகன் திரும்பி வந்து கட்டிலைச் சுற்றிக் கிடந்த கடையைப் பார்த்தான். சாயங்காலம், அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போகிறேன் என்றான். தன் மனைவிக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற இடமும் பக்கத்திலேயே இருக்கிறது என்று விளக்கினான்.

"நீ வேலைக்குப் போயிடுவ. வீட்டுல இருந்தாலும் அவர் சொல்றது உனக்குப் புரியல. அவரும் பாவம், நீயும் பாவம்மா."

அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதனால்தான் அவளுக்கு வலித்தது. அவரை அனுப்பிவிட்டால் திரும்ப வரமாட்டார் என்று உள்ளே ஏதோ சொன்னது. இந்த மழையில் அவரைத் தூக்கிக்கொண்டு ரயிலேற வேண்டாம், மழைக்காலம் முடியட்டும் என்றாள். மகனும் நியாயந்தானே என்று ஒத்துக்கொண்டு ஊருக்குப் போனான். மழை நிற்கக் கூடாதென்று உலகத்தில் வேண்டிக்கொண்டவள் அந்த வருஷம் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டம்மா பகலில் துணைக்கு இருக்க, அவள் வேலைக்குத் திரும்பினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து அவரை பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்புவாள். மேஜையில் நடந்ததைச் சொன்னாள். எதிரே சட்டைகளை மடித்துப் பெட்டியில் போடுகிற பேக்கிங்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். காலேஜ் படிப்பைப் பாதியில் விட்டவள், வாய் மட்டும் முழுசு.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு யாருக்கா சொன்னது? காலையில இருந்து அதைத்தான் பேசிட்டிருக்கீங்க. காலர், பட்டன், டீ, டைம், லைட், ஃபேன். இதெல்லாம் என்ன, உங்க தாத்தா சொத்தா?"

மேஜை சுறுசுறுப்பானது. ஆளுக்கொன்றாக எடுத்துப் போட்டார்கள். பஸ். சோப்பு. பில். பாத்ரூம். அடப்பாவி, பாத்ரூம் தமிழில்லையா என்று ஒருத்தி வாயில் கை வைத்தாள். சூப்பர்வைசர் வந்து என்ன சத்தம் என்று கேட்டார். டென்ஷன் ஆகாதீங்க சார் என்று பேக்கிங்காரி சொன்னதும், அதுவும் இங்கிலீஷ்தானே என்று எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

அன்று சாயங்காலம் அவள் கட்டிலருகே நின்று, "ஃபேன்?" என்று கேட்டாள். "யெஸ், மேடம்" என்றார். "லைட்?" "நோ, தேங்க் யூ." கையில் முதல் இருப்பது தெரிந்தால் வியாபாரம் செய்யத் துணிவு வராதா?

ஆனால் சாமான்களுக்குத்தான் அவளிடம் பெயர் இருந்தது. உடம்புக்குள் நடப்பதற்கு இல்லை. அரிப்புக்குத் தெருமுனைவரை ஓடியாயிற்று. நாளைக்கு நெஞ்சு வலித்தால் எங்கே ஓடுவது? தாகமெடுத்த பிறகா கிணறு வெட்டுவது? தினம் ஒரு வார்த்தை கொடு என்று பேக்கிங்காரியிடம் கேட்டாள்.

சட்டைக் காலரில் அளவு ஒட்டுகிற ஸ்டிக்கர்கள் மீந்து கிடக்கும். பேக்கிங்காரி ஒன்றை எடுத்து, பின்பக்கம் தமிழ் எழுத்தில் அன்றைய சொல்லை எழுதி, பசை டேப்பால் அவள் மணிக்கட்டில் ஒட்டிவிடுவாள். ஒரு சட்டைக்குப் பிசிறு வெட்டி முடித்ததும் ஒருமுறை சொல்லவேண்டும். சட்டையை மடித்துத் தள்ளும்போது இன்னொருமுறை. முதல் நாள் "பெயின்". வலிக்கான சொல். பெயின், பெயின், பெயின் என்று நாள் முழுக்க முணுமுணுத்தாள். இந்தச் சட்டைகளைப் போட்டுக்கொள்ளப்போகிறவர்களை ஆண்டவன்தான் காப்பாத்தணும் என்றாள் பேக்கிங்காரி. மாலைக்குள் வியர்வையில் ஸ்டிக்கர் கழன்று விழும். அதற்குள் சொல் உள்ளே போயிருக்கவேண்டும். போயிருந்தது.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, அவரிடம் அதைச் சொல்வது. அவர் திருத்தமாட்டார். போனில் பெயரையும் அறை எண்ணையும் கேட்டுத் திரும்பச் சொல்லி உறுதி செய்கிற பழக்கம் அவருக்கு. அதேபோல அவள் சொன்னதைச் சரியான உச்சரிப்பில் மரியாதையாகத் திரும்பச் சொல்வார். அவள் மறுபடி சொல்வாள். நாளாக நாளாக அவர் அந்த நேரத்துக்குக் காத்திருக்கத் தொடங்கினார். அவள் செருப்பைக் கழற்றும்போதே கட்டிலிலிருந்து எட்டிப் பார்ப்பது தெரியும்.

தலைசுற்றலுக்கு, வழுக்குவதற்கு, கசப்புக்கு, குளிருக்கு என்று சொற்கள் சேர்ந்தன. பசிக்கான சொல்லைக் கற்றுக்கொண்டுபோன அன்று, அவர் வயிற்றைக் காட்டி, "ஹங்ரி?" என்று கேட்டாள். "யெஸ்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, அவளைப் பார்த்து, "யூ?" என்றார்.

அவள் கையில் தட்டோடு நின்றாள். நீ சாப்பிட்டாயா என்று அவர் அதற்குமுன் கேட்டதில்லை. மறுநாள் அதை மேஜையில் சொல்லாமல் இருக்க எவ்வளவோ முயன்றாள். முடியவில்லை. அதோடு பிசிறக்கா என்ற பெயர் போய் மேடம் என்ற பெயர் வந்தது. சூப்பர்வைசரும் ஏன் எதற்கென்று தெரியாமல் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்.

ஒருநாள் பேக்கிங்காரி குறும்பாக "லவ்" என்று எழுதி ஒட்டினாள். அவள் பிய்த்துப் போட்டாள்.

"வேண்டாம்டி. அவருக்கு இன்னொரு தடவை அட்டாக் வந்துடும். வேற கொடு."

அதற்குப் பதிலாகக் கிடைத்தது பயத்துக்கான சொல். "அஃப்ரெய்டு." வாய்க்குள் புரளவே மாட்டேனென்றது. மாலைக்குள் ஒருவழியாக வசப்படுத்தி, வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அன்று மட்டும் அவர் திரும்பச் சொல்லவில்லை. இடது கையால் போர்வை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவளும் வற்புறுத்தவில்லை.

மழை விட்டது. மகன் சொன்னபடி டிக்கெட்டோடு வந்தான். குளித்துச் சாப்பிட்டுவிட்டு அப்பாவின் அருகில் உட்கார்ந்து இங்கிலீஷில் பேசினான். நல்ல இங்கிலீஷ், அன்பான குரல். அவள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்த சொற்கள் அந்தப் பேச்சில் அங்கங்கே தலைகாட்டி மறைந்தன. ஆனாலும் அவன் என்ன கேட்கிறான் என்று தெரிந்தது. அவர் சரி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. கை கழுவிய தண்ணீரை நிறுத்தாமல் நின்றாள்.

"அஃப்ரெய்டு" என்றார் அவர்.

என்ன பயம் என்று மகன் கேட்டான். நானிருக்கிறேன், டாக்டர் இருக்கிறார், எல்லா வசதியும் இருக்கிறது என்றான். அவர் வாய் திறந்து மூடியது. நெற்றி வியர்த்தது. மகன் பதறிப்போய் இன்னும் அதிகம் விளக்கினான். அவன் சொற்கள் கூடக்கூட அவருடையவை உள்ளே போய் ஒளிந்துகொண்டன.

அவள் கையைத் துடைத்தபடி வந்தாள். கொஞ்சம் பொறு என்று மகனைத் தள்ளி உட்காரச் சொன்னாள். அவளிடம் விளக்குகிற அளவுக்குச் சொல் இல்லை. இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"என்னங்க. டிரெயின்?"

"நோ, மேடம்."

"டாக்டர்? ஊசி?" ஊசி குத்துவதுபோல் கையால் காட்டினாள்.

"நோ."

"படி? ஸ்லிப்?"

"நோ."

"பாத்ரூம்?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, சுவரைப் பார்த்தபடியே தலையை அசைத்தார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. இங்கே அவரைக் குளிப்பாட்டுவது அவள். துணி மாற்றுவது அவள். அங்கே மகன் ஆபீசுக்குப் போனபின் வீட்டில் யார்?

"உன் பொண்டாட்டி எதிர்ல அவர் அப்படி நிக்கமாட்டார்டா" என்றாள் மகனிடம். "உயிரே போனாலும் நிக்கமாட்டார்."

அதற்கென்று ஒரு ஆளை வைக்கலாம் என்றான் மகன். அதையே அப்பாவிடமும் சொல்லிப் பார்த்தான். அவர் திரும்பினார். நன்றாக இருந்த கையைத் தூக்கி அவளைக் காட்டினார். "நோ. மேடம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மகன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு போனை எடுத்து டிக்கெட்டை ரத்து செய்தான். மறுநாள் காலை கடைக்குப் போய் இரும்புக் கைப்பிடி ஒன்று வாங்கிவந்து, பாத்ரூம் சுவரில் தானே துளை போட்டு மாட்டினான். படித்த பிள்ளை, கொஞ்சம் கோணலாகத்தான் மாட்டினான். ஆனால் உறுதியாக நின்றது. ஏதாவது புரியவில்லை என்றால் எந்த நேரமானாலும் போன் பண்ணு என்று சொல்லிவிட்டுப் போனான். புரிந்தாலும் பண்ணுவேன் என்றாள்.

அவனை வழியனுப்பிவிட்டு வந்து அவள் யோசித்துப் பார்த்தாள். வலி பேக்கிங்காரி தந்தது. அரிப்பு மருந்துக்கடைக்காரர் தந்தது. பாத்ரூமை மேஜையில் யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை, யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அத்தனை பேர் வாயிலிருந்து எடுத்துத்தான் ஒரு மனுஷனை வீட்டில் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் மருந்துக்கடை வாசலில் நின்று ஒரு நிமிஷம் பேசிவிட்டுத்தான் வருவாள். எதற்கென்று மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாது. அவர் அரிப்பை எப்போதோ மறந்துவிட்டிருந்தார்.

தமிழ் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் கவளத்தை மென்றவர் முகம் சுளித்தார். "உப்பு" என்றார். கொஞ்சம் தேடி, "இல்ல" என்றார். அவள் உப்பைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய், சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அடுத்த வாரங்களில் மற்றவையும் வந்தன. கதவைச் சாத்து. ஏன் லேட்டு. மெதுவா பேசு. கடைசியாக அந்த "ம்"மும் வந்து சேர்ந்தது, அத்தனை விதங்களோடும்.

மேஜையில் எல்லோருக்கும் சந்தோஷம். பேக்கிங்காரி மட்டும் ஸ்டிக்கர் கட்டை மூடி வைத்தாள். அதுதான் தமிழ் வந்துவிட்டதே, இனி இது எதற்கு என்று கேட்டாள்.

அவள் ஒரு சட்டையை விரித்து, கைமடிப்பில் நீட்டிக்கொண்டிருந்த நூலை வெட்டினாள்.

"தமிழ்ல அவர் என் புருஷன்டி. அதுல சண்டை போட்டுக்கிறோம், கணக்கு பார்க்கிறோம், எல்லாம் நடக்குது. ஆனா நீ சாப்பிட்டியான்னு கேக்கிறதும், தேங்க்ஸ் சொல்றதும் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கு. அதை மூடிட முடியுமா? இன்னைக்கு என்ன, சீக்கிரம் சொல்லு. சட்டை குவியுது."