நான் சேர்த்த கண்ணீர்

போன வாரம் தேவனாம்பட்டினத்தில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. சிதம்பரத்தில் பஸ் ஏறும்போதே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதை மறைப்பானேன்?

கதை எழுதுகிறவன், ஆங்கிலமும் தெரியும் என்று கடலூரில் தொண்டு நிறுவனம் நடத்தும் நண்பர் கூப்பிட்டிருந்தார். சுனாமி வந்து மூன்று வருஷம் ஆகிறது; அதற்குப் பிறகு அங்கே ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார்கள். மீன் விற்கும் பெண்கள் விடியற்காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு ஹார்பருக்குப் போவார்கள். அதற்குப் பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் அன்று பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் கைவிட்டால் காப்பகத்தை மூட வேண்டியதுதான்.

தாய்மார்கள் சார்பில் அஞ்சலை பேசினார். முப்பது வயது இருக்கும்.

“சுனாமியில வூட்டுக்காரர் போயிட்டாரு. நான் மீன் எடுத்து விக்கிறேன். புள்ளைய இங்க வுட்டாதான் வேலைக்குப் போவ முடியும். இத மூடிடாதீங்க.”

அவ்வளவுதான். அழவில்லை. குரல்கூட இறங்கவில்லை.

எனக்கோ, இது போதாதே என்று பட்டது. இரவெல்லாம் இவர் தூங்குவதில்லை, அலைச் சத்தம் கேட்டாலே அழுகிறார்... ஆங்கிலத்தில் நானே சேர்த்துக்கொண்டு போனேன். கண்ணைத் துடைப்பது போலக் கையால் வேறு காட்டினேன். வந்தவர்களில் வயதான ஓர் அம்மா எழுந்து வந்து, அஞ்சலையைக் கட்டிக்கொண்டு அழுதார். அஞ்சலை ஒன்றும் புரியாமல் விறைத்து நின்றார்.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார்.

“சார், நான் சொன்னது கொஞ்சந்தான். நீங்க ரொம்ப நேரம் பேசினீங்க. நான் அழுவுறேன்னு சொன்னீங்களா?”

“அவங்களுக்குப் புரியணும்ல... உங்க நல்லதுக்குத்தாம்மா.”

“புள்ளைய பாத்துக்க எடம் வேணும்னா புரியாதா சார்? நாள் பூரா கூடை தூக்குறேன். படுத்தா அலுப்புல நல்லாத்தான் தூங்குறேன்.”

கோபப்பட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். நிதானமாகச் சொன்னார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தாய் வேலைக்குப் போகிறாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் – இந்தக் காரணம் போதாதா? அரசாங்கம் எட்டாத இடத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்கிறார்கள். அது நடக்க அவர் அழுது காட்ட வேண்டுமா? அவர் அழாவிட்டால், அவருக்காக அழுதுவைக்க என்னைப் போல ஓர் ஆள்...

நேற்று நண்பர் போன் செய்தார். பணம் தொடர்ந்து வருமாம். காப்பகத்தை மூட மாட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் அது அஞ்சலையின் பேச்சுக்குக் கிடைத்ததா, என் பொய்க்கா?

“அடுத்த மாசம் இன்னொரு குழு வருது,” என்றவர் தயங்கினார். “அஞ்சலை வேற ஆள் கேக்குது சார்... சொன்னத மட்டும் சொல்ற ஆளா. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?”

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் எழுத்தாளர்கள்.