அப்பா போனில் பேசிய என் குரல்

பெண் பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லித் தருகிற வேலையில் முதலில் நடுங்குவது சொல்லித் தருகிறவளின் கால்தான். சனிக்கிழமை தோறும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், படி, பேசு, நாளைக்கு நீதான் தலைவி என்று சொல்லிவிட்டு வருகிற சக அக்காமார்களே, உங்களுக்குத் தெரியாததா? வாசலில் யாராவது செருமினாலே நாம் ஸ்கூட்டிச் சாவியைத் தேடுவோம். மதகடிப்பட்டிலிருந்து பாகூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு நான் போய் வந்து பட்ட பாடு இது.

பெயர்ப் பொருத்தம்

அடையாள அட்டையில் என் பதவி ‘மெண்டர்’. வழிகாட்டி என்று தமிழில் போடுங்கள் என்று எங்கள் தொண்டு நிறுவன ஆபீசில் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! முதல் நாள் சமுதாயக் கூடத்துக்கு வெளியே அரை மணி நேரம் தனியாக நின்றேன். எதிர் வீட்டு ஆம்பிளைகள் இரண்டு பேர் கண் இமைக்காமல் பார்த்தார்கள். யாரு, எந்தக் கட்சி என்று அதட்டுவார்களோ என்று பயந்தேன். அட்டையைத் தூக்கிக் காட்டி, "மெண்டர்" என்றேன். குடத்தோடு போன ஒரு அம்மா நின்று, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக் கத்தினார்: "ஏய் சத்யா, மெண்டல் அக்கா வந்துகீது, பொண்ணுங்கள இட்டுகினு வா!"

யார் தலைவி?

அந்தச் சத்யாவைப் பற்றித்தான் மீதி எல்லாம். ப்ளஸ் டூ, பதினேழு வயசு. "உங்கள்ல யாரு லீடர்?" என்று கேட்டபோது மற்ற பிள்ளைகள் குனிந்து பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் எழுந்து, நர்சிங் படிக்கணும், நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கணும் என்றாள். ஒரே மாதத்தில், பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் லைட் எரியவில்லை என்று மனு எழுதி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கே போய்விட்டாள்.

லைட் எரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் ஸ்கூட்டி வரைக்கும்தான். அங்கே சத்யாவின் அப்பா நின்றிருந்தார். நெல்லும் கரும்பும் போடுகிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். கத்துகிற ஆளை நான் சமாளித்துவிடுவேன், இந்த மாதிரி ஆள்தான் எனக்குப் பயம். சிரிக்காமல் சொன்னார்: "லைட்டு எரியுது மேடம், நல்லாத்தான் கீது. ஆனா ஊரு பூரா எம்பொண்ணு பேரு தெரிஞ்சிபோச்சே, அத்த யாரு அணைக்கிறது?"

வராத இரண்டு சனிக்கிழமைகள்

பரீட்சை முடிந்தது. சத்யா இரண்டு சனிக்கிழமை வரவில்லை. எங்கே என்று கேட்டால் பிள்ளைகள் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்தார்கள். கிளம்பும்போது அவள் தோழி திவ்யா என் ஸ்கூட்டிக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் வந்தாள். அத்தை மகனாம், திருபுவனையில் கம்பெனி வேலையாம், ஆவணியில் கல்யாணமாம். நர்சிங் அப்ளிகேஷனுக்கு அந்தப் புதன்கிழமைதான் கடைசி நாள். அப்பா கையெழுத்து இல்லாமல் அது நகராது. திவ்யாவின் கை கண்ணாடியிலேயே நின்றது. "பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டாங்கக்கா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்புறம் என்னையும் வுடமாட்டாங்க."

பதினெட்டுப் பெண்கள், பதினெட்டு அப்பாக்கள்

இங்கேதான் என் முட்டாள்தனம். என் போனில் சத்யா, திவ்யா என்று பதினெட்டுப் பெண் பெயர்கள் இருக்கின்றன. பதினெட்டு நம்பரும் அவரவர் அப்பாவுடையது, பிள்ளைகளுக்கு ஏது போன்? சத்யாவின் அப்பா காலையில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கழனிக்குப் போவார். அந்த நேரம் பார்த்து அனுப்பினால் அவள் கேட்டுவிட்டு அழித்துவிடுவாள். இது எங்கள் ஏற்பாடு. திங்கட்கிழமை காலை வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "சத்யா, புதன்கிழமை கடைசி நாள். கல்யாணம் வேணாம்னு உங்கப்பாகிட்ட நீயே நேரா சொல்லு. பதினெட்டு ஆகாம கல்யாணம் பண்ணா கேஸு, நானே கம்ப்ளைண்ட் குடுப்பேன். பயப்படாத, எனக்குப் பயமே கிடையாது!"

அன்றைக்குப் பார்த்து அறுவடை மெஷின் வருகிறதென்று அப்பா போனைக் கழனிக்கே எடுத்துப் போயிருக்கிறார். வரப்பில் பத்து ஆட்களுக்கு நடுவே ஸ்பீக்கரில் என் குரல். இது எதுவும் தெரியாமல் நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் ‘சத்யா’ என்று போன் அடித்தது. எடுத்தால் ஆம்பிளைக் குரல். டம்ளரைக் கீழே வைத்தேன். "சத்யா அப்பா பேசறேன். நாளைக்கு காலைல வூட்டுக்கு வாங்க மேடம். தனியா வாங்க."

கூடத்து நாற்காலி

போகாமல் இருந்துவிடலாமா என்று ஆயிரம் முறை யோசித்தேன். போனேன். நாற்காலி போட்டார்கள், நர்சிங் அப்ளிகேஷனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சமையலறை வாசலில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சத்யா சுவரோடு சுவராக நின்றாள். அப்பா போனை எடுத்து என் எதிரிலேயே அந்த வாய்ஸை ஓடவிட்டார். ‘எனக்குப் பயமே கிடையாது’ என்று என் குரல் முழங்கியபோது நான் வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், "அது தப்பா வந்துடுச்சிங்க" என்று நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"தப்பா வரலப்பா" என்றாள் சத்யா. சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். "நான் சொல்ல வேண்டியத அக்கா சொல்லிட்டாங்க. எனக்கு இப்ப கல்யாணம் வேணாம். உன்னப் பாத்தா பயமாத்தான் கீது. ஆனாலும் வேணாம்." அப்பா அவள் பக்கம் திரும்பினார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன், அம்மாவும் அப்படித்தான் நினைத்து ஓடி வந்து நடுவில் நின்றுவிட்டார். அப்பாவோ என் பக்கம் கையை நீட்டி அப்ளிகேஷனைக் கேட்டார். நிதானமாக, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "பத்து பேரு காதுல வுழுந்துபோச்சி, இனிமே ஆவணில பந்தல் போட்டா எவனாவது கேஸு குடுப்பான். படிக்கட்டும். ஆனா நாளைக்கு இவளுக்கு ஒண்ணுன்னா உங்க வூட்டு வாசல்லதான் வந்து நிப்பேன் மேடம், மதகடிப்பட்டுல எந்தத் தெருன்னு விசாரிச்சி வச்சிகீறேன்."

சத்யா இப்போது நர்சிங் முதல் வருஷம் தைரியமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள், தைரியம் சொல்லிக் கொடுத்த நான்தான் வாசலில் பைக் சத்தம் கேட்டால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கிறேன்.