எந்தப் பக்கத்துல போட்டுக்கீது?

"இட்லி இப்பதான் எறக்கினது" என்ற கடைக்காரரைத் தேவசேனா விடவில்லை. "எப்ப எறக்கினது? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள். பின்னால் நாங்கள் ஆறேழு பேர் பசியோடு காத்திருக்கிறோம். அவர் மூடியைத் தூக்கி ஆவியைக் காட்டிய பிறகுதான் தட்டை வாங்கினாள். வாங்கியதில் பாதியை வைத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள். எதையும் முழுசாக முடிக்க அவளுக்குப் பொறுமை கிடையாது, சந்தேகம் ஒன்றைத் தவிர.

புத்தூர்க்காரி. தினமும் ரயிலில் திருப்பதிக்கு வந்து போகிறாள். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் எலும்பு முறிவுக்கு நம்பி வருகிற ஊர் புத்தூர். போன வருஷம் ரயில் படியில் வழுக்கி மணிக்கட்டைப் பிசகவிட்டபோது, கட்டுப் போட்டவரையே "எத்தினி நாள்ல சேரும்? எதை வச்சு சொல்றீங்க?" என்று குடைந்திருக்கிறாள். வாய்க்கும் சேர்த்து ஒரு கட்டுப் போட்டு அனுப்பாதது அவருடைய பெருந்தன்மை.

நான் அவளுக்குப் பக்கத்து மேசை. அவளுடைய மென்பொருள் சொல்லும் பதில்களைத் தொழிலாளிகளுக்குப் புரிகிற தமிழில் திருத்திக் கொடுப்பது என் வேலை. மென்பொருள் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு கம்பெனியின் காகிதங்களையெல்லாம் அதற்குள் கொட்டிவிட்டால், யார் என்ன கேட்டாலும் அந்தக் காகிதங்களைத் தேடிப் பதில் சொல்லும். உள்ளே பல பாகங்கள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒன்று காகிதத்தைப் படிக்கும், ஒன்று துண்டு துண்டாக வெட்டும், ஒன்று தேடும், கடைசியாக ஒன்று பதில் எழுதும். எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவைதான். பழுது வந்தால் மட்டும் நாமேதான் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

தேவசேனா பிய்த்துக்கொள்வதைப் பார்க்க வேண்டும். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள். ஒரு கால் செருப்புக்குள், இன்னொரு கால் எங்கேயோ. பேனா மூடிகளைக் கடித்தே தீர்த்துவிட்டதால் இப்போது துப்பட்டா நுனி. ஒரே கேள்வியைத் தமிழில் கேட்பாள், தெலுங்கில் கேட்பாள், பிறகு வேண்டுமென்றே தப்பும் தவறுமாகக் கேட்பாள். பதில் வந்ததும் கணினியைப் பார்த்து, "எந்தப் பக்கத்துல போட்டுக்கீது?" என்பாள். பக்கம் காட்டாத பதிலை அவள் ஏற்றுக்கொண்டதே இல்லை.

ஒரு நாள் காலையில் எந்தக் கேள்வி கேட்டாலும் "ஆவணம் எதுவும் இல்லை" என்றே பதில் வந்தது. முதலாளி கிரண்குமாருக்கு முகம் வெளுத்துவிட்டது. தேவசேனா மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துவிட்டு வந்து சொன்னாள்: "காகிதத்தையெல்லாம் அது டிஸ்க்ல வைக்கல சார், ஞாபகத்துல மட்டும் வச்சுக்கினு இருந்துகீது. ராத்திரி கரண்டு போச்சுல்ல? அத்தனையும் மறந்துட்ச்சு." மறதிக்கு மருந்து வைத்துவிட்டு, பாதி டீயை அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

இந்தக் கோடையில் குடிபாலா பக்கத்துப் பால் கம்பெனி ஒன்றில் இதை வைத்தோம். பாதாம் பாலைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, ஆளுயர இரும்புப் பாத்திரம் ஒன்றில் அடுக்கி, ஸ்டீம் விட்டு வேகவைப்பார்கள். தொழிலாளிகள் அதைக் 'குக்கர்' என்கிறார்கள். உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று முள்ளால் காட்டும் கேஜ் ஒன்று அதன் மேல் இருக்கும். குக்கருக்கு எதிர்ச் சுவரில் ஒரு டேப்லெட் மாட்டினோம். எந்த வேலையை எப்படிச் செய்வது என்று அதனிடம் கேட்கலாம். அங்கே நெட் சரியில்லாததால் எல்லாவற்றையும் அந்த டேப்லெட்டுக்குள்ளேயே வைத்துவிட்டோம். இங்கிருந்து அதைத் தொட முடியாது. தேவசேனாவுக்கு இன்னும் சோதிக்க வேண்டும் என்று ஆசை. "பேஜி நம்பர் வஸ்தா உந்தி கதா, இங்கேம் காவாலி?" என்றார் கிரண்குமார். பக்கம்தான் வருகிறதே, இன்னும் என்ன வேண்டும் என்று. அவளுடைய மந்திரத்தையே அவளுக்குத் திருப்பிச் சொன்னதால் விட்டுவிட்டாள்.

மாட்டிய மறுநாள் காலை டீ இடைவேளையில், குக்கரைப் பார்த்துக்கொள்ளும் சம்பத் தேவசேனாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் சந்தோஷமான குரல்.

"தங்கச்சி, உன் மிஷினு சூப்பரா சொல்லுதுமா. நாங்க இன்னாடான்னா கேஜ் முள்ளு ஜீரோவுக்கு எறங்கற வரிக்கும் குக்கர் முன்னாடி தேவுடு காத்துக்கினு இருந்தோம். ஸ்டீம் பைப்பை மூடினதும் தொறக்கலாமாம். மத்தியானத்துலேர்ந்து அப்டியே செய்யலாம்னு சூப்பர்வைசரும் சொல்ட்டாரு."

"எந்தப் பக்கத்துலண்ணா போட்டுக்கீது?"

"பக்கம்கூட காட்ச்சேமா. சரி, மணி அட்ச்சிட்டாங்க." வைத்துவிட்டார். வேலைக்குப் போகும்போது போனைக் கேட்டில் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

தேவசேனா நாற்காலியில் முதுகு சாய உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். பயமாக இருந்தது. "இத்தினி வருசமா அவங்க எதுக்கு சார் காத்துக்கினு இருந்தாங்க?" என்றாள். சூப்பர்வைசர் ஹரிபாபுவைப் பிடித்தாள். உங்கள் மிஷின்தானே பக்கத்தோடு சொன்னது என்று சிரித்துவிட்டு, வேலையிருக்கிறது என்று அவரும் வைத்துவிட்டார். அடுத்த நிமிஷம் வாடகைக் காரில் இருந்தோம்.

சந்திரகிரி தாண்டும்வரை ஓட்டுநரின் இருக்கையைக் காலால் உதைத்துக்கொண்டே வந்தாள். ஸ்டீம் அழுத்தம் இறங்காமல் மூடியைத் திறந்தால் பாட்டில்கள் வெடிக்கும், ஆவி நேராக முகத்துக்கு வரும். அது எனக்கும் தெரிந்ததுதான். "காகிதத்தில் இருப்பதைத்தானே சொல்கிறது" என்று சமாதானம் சொல்லப் பார்த்தேன். "இதே கேள்விய நானும் கேட்டேன் சார். பக்கம் வந்துச்சு, வுட்டுட்டேன்" என்றாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, ஹரிபாபுவின் எண்ணை மறுபடி அடித்துக்கொண்டிருந்தாள். சித்தூர் வந்து, குடிபாலா வந்து, அந்தக் கேட் வரும்வரை அடித்துக்கொண்டே இருந்தாள்; அவர் எடுக்கவில்லை.

கேட் பக்கத்து அறையில் ஹரிபாபு விதிகள் இருந்த ஃபைலை எடுத்துப் போட்டார். டேப்லெட் காட்டிய அதே பக்கம். எழுத்தும் அதேதான். ஆனால் அதன் குறுக்கே, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு. அடுத்த பக்கத்தில் புது விதி: முள் ஜீரோவுக்கு வரும்வரை மூடியைத் தொடக் கூடாது.

"அய்யோ, இது அடிச்ச பக்கம்மா!" என்றார் ஹரிபாபு. "இங்க காகிதத்த கிழிக்க மாட்டாங்க, எங்க ஓனருக்கு ஆகாது. பழசாச்சுன்னா சிவப்பு கோடு போட்டு அப்படியே வச்சிடுவாங்க. கோடு போட்டத யாரும் படிக்க மாட்டோம். மிஷின் சொன்னதும், மேல மாத்திட்டாங்கன்னு அனுகுன்னானு." மேலிடத்தில் விதியை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாராம்.

திருப்பதியில் ஸ்கேன் செய்த கடைக்காரர் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தார். அவருடைய மிஷினுக்குச் சிவப்பு வெள்ளையாகத்தான் படுமாம்; கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை. மென்பொருள் என்ன செய்யும் பாவம், கண்ணில் பட்டதைப் படித்தது. எங்களுக்கு ஆத்திரப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

கிரண்குமார் போனில் கத்தினார். சாயந்தரம் ஓனர் டேப்லெட்டைப் பார்க்க வருகிறாராம், கழற்றக் கூடாதாம். "அணைச்சு வச்சா எவனாவது ஆன் பண்ணிடுவான்" என்று ஹரிபாபுவும் கையைப் பிசைந்தார். தேவசேனா போனை என் கையில் திணித்தாள். ஹரிபாபுவின் சட்டைப் பையிலிருந்த சிவப்பு மார்க்கரை உருவிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து வேலை தொடங்கிவிட்டிருந்தது. எங்களுக்கும் குக்கருக்கும் நடுவே பாட்டில்கள் ஓடும் பெல்ட். அந்தப் பக்கம் சம்பத் ஸ்டீம் பைப்பை மூடிவிட்டு, மூடியின் சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்திருந்தார். கேஜ் முள் பாதிக்கு மேலேயே நின்றது. "அண்ணா!" என்று அவள் போட்ட கூச்சல் பாட்டில் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. சம்பத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார், சிரித்தார். எங்கள் பக்கத்துச் சுவரில் இருந்த டேப்லெட்டைக் காட்டித் தலையாட்டிவிட்டுச் சக்கரத்தை இறுகப் பிடித்தார்.

தேவசேனா அந்தத் திரையின் மேல் மூலையில் மார்க்கரை ஊன்றி, கீழ் மூலைவரை ஒரே இழுப்பாகக் கோடு போட்டாள். சம்பத் சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.