கீழ்க்கோட்டில் என் நைனா

திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, போன் செய்து ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கேட்பது. வயிற்றில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆனவர்களின் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து மெழுகில் பதித்து வைப்பார்கள். அதில் ஒரு குறிப்பிட்ட மரபணு எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்று மெஷினில் அளப்பார்கள். அது அதிகமாக வேலை செய்தவர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்களா, குறைவாக இருந்தவர்கள் நெடுநாள் இருக்கிறார்களா என்பதுதான் ஆராய்ச்சி. மரபணுவை மெஷின் அளந்துவிடும். ஆள் இருக்கிறாரா என்பதை மட்டும் யாராவது வீட்டுக்குப் பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குத் தமிழும் தெலுங்கும் வரும் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது.

படிவத்தில் இறந்த தேதிக்குக் கட்டம் உண்டு. எங்கள் வட்டாரத்து வீடுகளில் தேதி யாருக்கும் நினைவிருக்காது. "வேர்க்கல்ல புடுங்கிக்கினு இருந்தோம் சார், ரெண்டாவது நாளு" என்பார்கள். "கங்கம்மா ஜாத்ரைக்கு மறுநாள்" என்பார்கள். அதற்காகவே பழைய நாள்காட்டிகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஜாத்ரை வந்த செவ்வாயைக் கண்டுபிடித்து, ஒரு நாள் கூட்டி, கட்டத்தில் எழுதுவேன். நான் எழுதிய தேதிகள் கணினிக்குள் போய் இரண்டு கோடுகளாக வரும். படிக்கட்டுபோல இறங்கும் கோடுகள். ஒருவர் இறந்தால் ஒரு படி இறங்கும். மரபணு குறைவாக உள்ளவர்களின் கோடு மேலே மெதுவாக இறங்கியது. அதிகமாக உள்ளவர்களின் கோடு கீழே சீக்கிரம் சரிந்தது.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஆராய்ச்சியை நடத்திய மேடம் சொன்னார்: "பாபு, இதி குரூப் கோசம். ஒக்க மனிஷி கோசம் காது." இது கூட்டத்துக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. நான் அதை நோட்டில் எழுதி, பரீட்சைக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மனப்பாடம் ஆகிவிட்டால் புரிந்துவிட்டது என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த வருஷம் நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, அதே நோய் வந்தது. "ரெண்டு வாய் துன்னா நெஞ்சுலயே நிக்குதுடா" என்றார். எங்கள் ஊரான பிச்சாட்டூரிலிருந்து அழைத்து வந்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். நோயின் பெயரை நோயாளியிடம் சொல்வது எங்கள் ஊரில் வழக்கமில்லை. குடல் புண் என்றே சொன்னோம். ஆராய்ச்சிக்குச் சம்மதப் படிவம் வாங்கும்போது, அதைப் படித்துக் காட்டுகிற வேலையும் என்னுடையதுதான். 'புற்றுநோய்' என்று வந்த இடத்தில் எல்லாம் 'புண்' என்று படித்தேன். அவர் கேட்டுவிட்டு, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்தார். அவருடைய துணுக்கு இருந்த சீசாவைக் கூடத்துக்கு எடுத்துப் போனதும் நானே. அதனால் பெயர் இல்லாத அந்தப் பட்டியலில் அவருடைய நம்பர் எது என்று எனக்குத் தெரியும்.

அதே மாதம்தான் அண்ணனுக்குக் குவைத்திலிருந்து டிரைவர் விசா வந்தது. அப்போது எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் குவைத்தில் இருந்தார்கள். போனால் இரண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது. ஆஸ்பத்திரி எதிரே டீக்கடையில் அண்ணன் என்னை உட்கார வைத்துக் கேட்டான்.

"டேய், நீ உள்ளாறதான வேல செய்யற. ஒன்னே ஒன்னு சொல்லு. நைனா ரெண்டு வருஷம் தாங்குவாரா?"

"அதெல்லாம் ஒரு ஆளுக்குன்னு சொல்ல முடியாதுணா."

"அப்பறம் இன்னாத்துக்கு உங்களுக்கு அவ்ளோ பெரிய மெஷினு?"

அண்ணன் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னான்: "மூத்தவன் நாந்தான்டா கொள்ளி வெக்கணும். நீ இங்கேந்து போன்ல சொல்லுவ, நான் அங்க வண்டிய ஓரங்கட்டிட்டு அழுவேன். அப்படியா ஆவணும்?"

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பட்டியலைத் திறந்தேன். நைனாவின் நம்பர் அதிகம் உள்ளவர்களின் பக்கத்தில் இருந்தது. கீழ்க்கோடு. அந்தக் கோட்டில் நானே எழுதிய தேதிகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. மேடம் சொன்னது ஒரு சொல்கூட மறக்கவில்லை. ஆனாலும் அண்ணனிடம் போய், "போவாதணா" என்றேன்.

ஏன், எதற்கு என்று அவன் கேட்கவில்லை. படித்தவன் சொல்லிவிட்டான், அது போதும் அவனுக்கு. விசாவை ஏஜெண்டிடம் திருப்பிக் கொடுத்தான். அந்த இடத்துக்குப் பின்தெருக்காரர் ஒருவர் போனார்.

நைனா போகவில்லை. மருந்து ஏற்றியதில் முடி கொட்டி, மறுபடி முளைத்தது. ஒரு வேளைச் சோற்றை மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஓடி, கழனிக்கும் போக ஆரம்பித்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருடைய நம்பர் என் பட்டியலில் வரும். போன் செய்யாமலே 'இருக்கிறார்' என்று எழுதுவேன். உயிரோடு இருப்பவர்களுக்குக் கணினி கோட்டின்மேல் சின்னதாக ஒரு செங்குத்துக் கீறல் போடும். கீழ்க்கோட்டில், எல்லாரும் இறங்கிப் போனபின், ஓரமாக ஒரு கீறல் நின்றது. அதைப் பார்க்கும்போது சந்தோஷமாக இருக்கும். உடனே அண்ணன் முகம் வரும்.

அண்ணன் அப்போது பிச்சாட்டூருக்கும் புத்தூருக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். நைனா அவனைப் பார்க்கும்போதெல்லாம் குத்திப் பேசுவார். "விசா கைக்கு வந்தும் போவாதவன் இந்த ஜில்லாவுலயே இவன் ஒருத்தந்தான். பொண்டாட்டி முந்தானைய வுட்டு வர முடியல தொரைக்கு."

அண்ணன் சிரித்துக்கொண்டே, "மணல் காத்து எனக்கு ஆவாது நைனா" என்பான். அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டான். ஏன் போகவில்லை என்று சொன்னால், உன் சாவுக்காக உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னதாகிவிடும். அண்ணிதான் ஒருநாள் எனக்குச் சோறு போடும்போது சொன்னார்: "உங்க படிப்பு எங்க ரெண்டு பேரையும் இங்கயே கட்டிப் போட்டுச்சு. பேச்சு வாங்கறது மட்டும் அவரா?"

இன்னும் சில வருஷம் கழித்து, ஆராய்ச்சிக் கட்டுரை எழுத உட்கார்ந்த நாளில் மேடம் என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்த நோயாளிகளையும் சேர்த்துப் போட்ட படத்தைக் காட்டினார். இரண்டு கோடுகளும் நெருங்கி வந்திருந்தன. இந்த ஒரு மரபணுவை வைத்து மட்டும் எதையும் சொல்ல முடியாது, வேறு ஊர் ஆஸ்பத்திரிகளிலும் பார்க்க வேண்டும் என்றார். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான். வருத்தம் எனக்குத்தான். அண்ணனைத் தடுத்தபோது என்னிடம் இருந்தது அரைகுறைக் கணக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில், குவைத்திலிருந்து திரும்பிய அந்தப் பின்தெருக்காரர் மாடி வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். பந்தியில் உட்கார்ந்து நைனா எல்லோருக்கும் கேட்க அதே பேச்சைப் பேசினார். அண்ணன் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டான். சாப்பிட்டு வெளியே வந்து, அணைக்கட்டுக் கரைமேல் நைனாவோடு நடக்கும்போது சொன்னேன்.

"அண்ணன் போவாதது என்னாலதான் நைனா. நீ ரெண்டு வருஷம் தாங்கமாட்டேன்னு நாந்தான் சொன்னேன்."

அவர் நடையை நிறுத்தவில்லை. "எத்தப் பாத்து சொன்ன?"

"உன் கட்டிய அளந்ததப் பாத்து."

"கட்டியா? புண்ணுன்னுதான அன்னிக்குப் படிச்ச?"

அவரே தொடர்ந்தார்.

"புண்ணுக்கு முடி கொட்டுமாடா? பக்கத்து பெட்டுக்காரன் அன்னிக்கே சொல்லிட்டான். எம்புள்ள படிச்சவன், அவனே வந்து சொல்லுவான்னு இருந்தேன். ஊருக்கெல்லாம் போன் போட்டு கேக்கற. எங்கிட்ட வாயத் தொறக்க முடியல உனுக்கு." கொஞ்ச தூரம் போனபின், "எங்கிட்ட கேட்டிருந்தா அவன நானே அனுப்பி வெச்சிருப்பேன்" என்றார். அவர் குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போகாமல் நேராக ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்தார். அண்ணன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீ ஏன்டா சொல்லல?"

அண்ணன் என்னைப் பார்த்தான். என் முகத்திலேயே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "இன்னான்னு சொல்றது? நீ எப்ப போவேன்னு பாத்துக்கினு கீறேன்னா?"

"இப்ப போறியா?"

"இந்த வயசுல எவன் கூப்புடறான். நீ வேணா போ நைனா. உனுக்குத்தான் நாளு நெறைய கீதே."

நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைத் துடைப்பதுபோல முகம் முழுவதையும் துடைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்துப் பலகையில் ஏறி உட்கார்ந்தார். எனக்குத் திருப்பதி பஸ்ஸைப் பிடிக்கப் புத்தூர் போக வேண்டும். பின்னால் ஏறினேன். அண்ணன் என்னிடம் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகு பல நாள் அளந்துதான் பேசினான்.

வழியில் காய்கறிக் கூடையோடு ஒரு அம்மா ஏறினார். வண்டி ஓட்டுகிறவன் யார் என்று தெரியாமல், நைனாவை மட்டும் அடையாளம் கண்டுகொண்டு, "இன்னாண்ணா, உன் மூத்தவன் குவைத்து போறான்னு சொல்லிக்கினு இருந்தாங்களே, இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"எனுக்கு ஒடம்பு செரியில்ல. நாந்தான் போவ வேணாம்னு புடிச்சு வெச்சிக்கினேன்" என்றார் நைனா, ரோட்டைப் பார்த்தபடி.

அண்ணன் திரும்பவில்லை. கண்ணாடியில் ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டு கியரை மாற்றினான்.